சுரப்பு நின்றதா, குழாய் அடைத்ததா? அக்குள் நிணநீர்க் கணு அறுவைக்குப் பின் நீர் கோத்த ஒரு நிகழ்வு

அறுவைக்குப் பின் ஆறாம் நாள் காலை, காயத்தில் ஊறும் நீரை வெளியே வடிக்கும் குழாயான டிரெயினின் சார்ட்டில் 25 மில்லி என்று எழுதியிருந்தது. முந்தின நாள் 155. ஒரு நாளில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம் என்பது எங்கள் வார்டில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. எடுத்தோம். அன்று மாலையே அந்த அம்மா வீட்டுக்குப் போனார். மூன்றே நாளில் அக்குளைக் கையால் தாங்கிப் பிடித்தபடி திரும்பி வந்தார்.

155இலிருந்து 25க்கு ஒரே இரவில் எப்படி இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். நோயாளியை அடையாளம் காண முடியாதபடி சில சொந்த விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளியும் அறுவையும்

வயது 54, எடை 82 கிலோ, உயரம் 156 செ.மீ. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. வலது மார்பில் புற்றுநோய். அக்குளில் நெறிக்கட்டிகள், அதாவது வீங்கிய நிணநீர்க் கணுக்கள், கைக்கே தட்டுப்பட்டன, ஊசிப் பரிசோதனையில் அவற்றிலும் நோய் உறுதியானது. முதலில் கீமோ கொடுத்தோம். கட்டி சுருங்கியது, ஆனால் அக்குளில் இரண்டு கணுக்கள் அப்படியே நின்றன. அதனால் மார்பை எடுத்ததோடு, அக்குளின் முதல் இரண்டு தளங்களிலும் உள்ள நிணநீர்க் கணுக்களையும் கொழுப்போடு சேர்த்து எடுத்தோம். பரிசோதனையில் 16 கணுக்கள் இருந்தன, 4இல் நோய்.

எல்லாக் கணுக்களையும் எடுத்திருக்கத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நீர் கோப்பதைக் குறைக்க இருப்பதிலேயே நல்ல வழி, தேவையில்லாத இடத்தில் கணுக்களை எடுக்காமல் இருப்பது. சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்தி, நோய் முதலில் போய்ச் சேரும் காவல் கணுவை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை 1990களின் தொடக்கத்தில் வந்தது. 2011இல் வெளியான இசட்-0011 ஆய்வு இன்னொரு படி மேலே போனது. சிறிய கட்டி, கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை, பிறகு கதிர்வீச்சு என்று போகும் பெண்களுக்குக் காவல் கணுக்களில் ஒன்றிரண்டில் நோய் இருந்தாலும், மீதியை விட்டுவைப்பதால் ஆயுள் குறையவில்லை என்று அது காட்டியது. ஆனால் இந்த அம்மாவுக்கு அது பொருந்தாது. கைக்குத் தட்டுப்பட்ட கணுக்கள், கீமோவுக்குப் பிறகும் மிஞ்சிய நோய், முழு மார்பு நீக்கம் என்று மூன்றுமே அந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே. அறுவை சரியான முடிவுதான். அதை முடித்த விதத்தில்தான் குறை, அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு உறிஞ்சு குழாய்கள் வைத்தோம், நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒன்று, அக்குளில் ஒன்று. நெஞ்சுக் குழாய் அடுத்தடுத்து இரண்டு நாள் 20 மில்லி காட்டியதால் நான்காம் நாள் எடுத்தோம், அதில் சிக்கல் இல்லை. அக்குள் குழாயின் கணக்கு: முதல் நாள் 230, பிறகு 190, 170, 160, 155. அப்புறம் அந்த 25.

இரண்டு வரிகளைச் சேர்த்துப் படிக்காதது

திரும்பி வந்த பிறகு பழைய சார்ட்டை எடுத்து வைத்துப் படித்தேன். ஐந்தாம் நாள் இரவு நர்ஸ் ஒரு வரி எழுதியிருந்தார்: "குழாய் வாசலில் கட்டு நனைந்திருந்தது, மாற்றப்பட்டது." அதிகாலையில் இன்னொரு தடவை அதே வரி. டிரெயின் அளவு வேறு தாளில். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். பாட்டிலுக்குள் போக வேண்டிய நீர் குழாயைச் சுற்றிக் கசிந்து கட்டை நனைத்திருக்கிறது.

பாட்டிலும் எங்களை ஏமாற்றியது. அமுக்கி மூடிய துருத்திப் பாட்டில் காற்று கசிந்தால் உப்பிவிடும், யார் பார்த்தாலும் தெரியும். ஆனால் குழாயே அடைத்துக்கொண்டால் பாட்டில் அமுக்கியபடி அப்படியே இருக்கும். "உறிஞ்சல் நன்றாக இருக்கிறது, நீர்தான் இல்லை" என்றே தோன்றும். குழாயை எடுத்த இளம் மருத்துவரிடம் பிறகு கேட்டேன். பக்கத் துளைகளில் வெளிறிய மஞ்சளாய் ஜெல்லி மாதிரி நான்கு விரற்கடை நீளத்துக்கு ஒட்டியிருந்ததாம். பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அதைப் பார்த்தால் நிறுத்து என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்த ஜெல்லி ஃபைப்ரின், ரத்தம் உறையும்போது உண்டாகும் புரத இழை. முதல் சில நாள் வடிவதில் ரத்தம் கலந்திருப்பதால் அது குழாய்க்குள் உறையும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை, குழாயை ஒரு கையால் உடம்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல்களால் பாட்டில் பக்கமாக உருவி விட வேண்டும். நர்ஸ்கள் இதைக் குழாய் கறப்பது என்பார்கள். குழாய் அடைத்த அந்த நாட்களில் யாரும் கறக்கவில்லை.

நீர் ஏன் கோக்கிறது

திரும்பி வந்தபோது அவர் சொன்னது: "அக்குளில் தண்ணீர்ப் பையை வைத்துக் கட்டின மாதிரி இருக்கு, டாக்டர். நடந்தா குலுங்குது." காய்ச்சல் இல்லை, தோல் சிவக்கவில்லை. ஒரு பக்கம் விரலால் தட்டினால் மறு பக்கம் அலை வந்து முட்டியது. கை வீங்கவில்லை. இதைக் கேட்டுப் பார்த்துக்கொள்வது முக்கியம், ஏனென்றால் நீர் கோப்பதும் கை வீக்கமும் ஒன்று என்று நோயாளிகள் மட்டுமல்ல, சில மருத்துவர்களும் குழப்பிக்கொள்கிறார்கள். இது வெட்டிய இடத்தின் பள்ளத்தில் சேரும் நீர், பெயர் சீரோமா. கை வீக்கம் என்பது நிணநீர் போக வழியில்லாமல் கைத் திசுக்களுக்குள்ளேயே தேங்குவது, பெரும்பாலும் மாதங்களோ வருடங்களோ கழித்து வரும். அறுவையான சில நாளில் கை திடீரென்று வீங்கினால் முதலில் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அக்குளில் இருந்த கொழுப்பும் கணுக்களும் போன பிறகு அங்கே ஒரு காலி இடம் உண்டாகிறது. மேலே தோல், கீழே தசை, நடுவே ஒன்றுமில்லை. அந்தக் காலி இடத்துக்குள் வெட்டுப்பட்ட நிணநீர் நாளங்கள் திறந்து கிடக்கின்றன. ரத்தக்குழாய் வெட்டுப்பட்டால் சுருங்கும், ரத்தம் உறைந்து வாயை அடைக்கும். நிணநீரில் தட்டணுக்கள் இல்லை, உறைவதற்கான புரதமும் குறைவு, அதனால் வாய் சீக்கிரம் மூடாது. அதோடு, காயம் ஆறும்போது வரும் அழற்சி நீரும் சேர்கிறது. இந்த நீர் நிணநீரா அழற்சி நீரா என்று ஆய்வாளர்களிடையே நெடுநாளாக ஒரு வாக்குவாதம் உண்டு. என் அனுபவத்தில் அந்த வாக்குவாதத்தால் நோயாளிக்குப் பெரிய பயன் இல்லை. எந்த நீராக இருந்தாலும் சேர்வதற்கு ஓர் இடம் வேண்டும். தோல் தசையோடு ஒட்டிவிட்டால் அந்த இடமே இல்லை.

டிரெயினின் வேலையும் அதுதான். நீரை வெளியே எடுப்பது அதன் பாதி வேலை, உறிஞ்சி உறிஞ்சித் தோலைத் தசையோடு சேர்த்துப் பிடித்து ஒட்ட வைப்பது மீதிப் பாதி. இந்த அம்மாவுக்கு ஐந்தாம் நாளே அந்தப் பிடி விட்டுப்போயிருந்தது.

ஐந்து ஊசிகள்

ஒன்பதாம் நாள் ஊசி போட்டு எடுத்தோம். ஊசி நுழைந்தபோது அவர் முகத்தில் அசைவே இல்லை. "குத்திட்டீங்களா?" என்று கேட்டார். அக்குளைக் கடந்து மேற்கையின் உட்புறத்துக்குப் போகும் உணர்வு நரம்பு இந்த அறுவையில் அடிக்கடி வெட்டுப்படும், அந்த இடம் மரத்துவிடும். ஊசிக்கு அது வசதிதான். ஆனால் அதே காரணத்தால் நீர் நிறையும்போது வலி தெரியாது, கனம்தான் தெரியும். கீழ்ப்பக்கமாக, அக்குளின் பெரிய ரத்தநாளத்திலிருந்து தள்ளி, சுத்தம் பார்த்து 18 அளவு ஊசியைச் செலுத்தி 50 மில்லி சிரிஞ்சால் இழுத்தோம். வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர், 240 மில்லி.

12ஆம் நாள் 210. 15ஆம் நாள் 190. 19ஆம் நாள் 200. 22ஆம் நாள் 185.

இங்கே என் தவறையும் எழுத வேண்டும். சின்னதாக, தொந்தரவு இல்லாமல் இருக்கும் சீரோமாவைத் தொடாமல் விட்டால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். பெரிதாக இருந்தால் ஓரிரு தடவை எடுத்தால் அளவு தடவைக்குத் தடவை இறங்கும். இங்கே இறங்கவில்லை. மூன்றாவது தடவையிலேயே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஊசியும் கிருமி நுழைய ஒரு வாசல், கிருமி நுழைந்தால் சீரோமா சீழ்க்கட்டியாகும். ஐந்து தடவை குத்தியும் அப்படி ஆகாமல் தப்பியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

இடையில் அவருடைய மகள் இரண்டு கேள்விகள் கேட்டார். நீர் பிரிய மாத்திரை கொடுக்கக் கூடாதா என்பது ஒன்று. அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார், அது போதுமா, இன்னும் குறைக்கணுமா என்பது இன்னொன்று. இந்த இரண்டும் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் வரும். சிறுநீர் மாத்திரை ரத்தத்திலிருந்து உப்பையும் நீரையும் இறக்கும். அக்குள் பள்ளத்தில் திறந்து கிடக்கும் நாளத்துக்கு அது எதுவும் செய்யாது. தண்ணீரைக் குறைத்தால் தலை சுற்றும், மலம் இறுகும், சீரோமா அப்படியே இருக்கும். ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான், கிருமி இருந்தால்தான் அதற்கு வேலை.

19ஆம் நாள்தான் இன்னொரு துப்பு கிடைத்தது. பரிசோதனைக்காகச் சட்டையைக் கழற்றச் சொன்னோம். அவர் வலது கையைத் தலைக்கு மேலே லாகவமாகத் தூக்கிக் கழற்றினார். ஏறக்குறைய 165 டிகிரி. "தோள் பிரமாதமா வேலை செய்யுதே" என்று பாராட்டவும் செய்தேன். பாராட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. மூன்றாம் வாரத்தில், பாதி ஒட்டாத தோலோடு, இவ்வளவு தூரம் எப்படி?

"தோள் இறுகிப் போனா அப்புறம் ஆயுசுக்கும் வராதுன்னு சொன்னாங்க, டாக்டர். ரெண்டாம் நாளிலிருந்தே சுவரில் விரலை ஏத்தறேன். நாளுக்கு மூணு வேளை, இருபது இருபது தடவை."

எங்கள் பயிற்சித் தாளில் முதல் வாரம் விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் மட்டத்துக்குக் கீழே மட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் தாளைக் கையில் கொடுத்ததோடு சரி, ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் என்று தெரியாத விதியை, அக்கறையுள்ள சொந்தக்காரர் சொல்லும் பயம் சுலபமாக வென்றுவிடும். கை தலைக்கு மேலே போகும் ஒவ்வொரு தடவையும் அக்குள் தோல் தசை மேல் வழுக்குகிறது. அன்று ஒட்டத் தொடங்கிய நூலிழைகள் அன்றே கிழிகின்றன. தோள் பயிற்சியை ஒரு வாரம் போலத் தள்ளித் தொடங்கினால் நீர் கோப்பது குறைகிறது, பின்னாளில் தோள் அசைவில் நஷ்டம் இல்லை என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு வாரம் என்பதை ஒரு மாதம் என்று எடுத்துக்கொண்டு கையைத் தொங்கலில் போட்டுவிடக் கூடாது, அப்படிச் செய்தால் தோள் உண்மையிலேயே இறுகிவிடும்.

22ஆம் நாள் முடிவு

இதற்குள் கதிர்வீச்சுப் பிரிவிலிருந்து கேட்டுவிட்டார்கள். நான்கு கணுக்களில் நோய் இருந்ததால் நெஞ்சுச் சுவருக்கும் காரை எலும்புக்கு மேலேயும் கதிர்வீச்சு தேவை. அதற்குத் திட்டமிடும் சி.டி. எடுக்கும்போது 200 மில்லி நீர் இருந்து, சிகிச்சை தொடங்கும்போது அது 20ஆக இருந்தால், அளந்து வைத்த உடம்பே வேறு. நாள் கடத்தவும் முடியாது.

ஸ்கேனில் 11 × 7 × 5 செ.மீ.க்கு ஒரே அறை, தடுப்புகள் இல்லை, சுவர் மெல்லிசாக வழவழவென்று. நீரில் கிருமி வளரவில்லை, புற்றுச் செல்களும் இல்லை.

வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம். டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தைப் பள்ளத்துக்குள் செலுத்திச் சுவர்களைப் புண்ணாக்கி ஒட்ட வைக்கலாம். விடாப்பிடியான நிணநீர்க் கசிவில் அது வேலை செய்யும். ஆனால் வலி கடுமை, இன்னும் சில வாரத்தில் கதிர்வீச்சு வாங்கப் போகும் தோலுக்கு அடியில் இப்போதே தழும்பை வளர்க்க எனக்கு மனமில்லை. கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்தோம். சுரப்பைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைட் ஊசியை அறுவைக்கு மறுநாளே தொடங்கிப் பார்த்த ஆய்வில் வடியும் அளவும் நாட்களும் குறைந்தன. மூன்று வாரம் கழித்து, சுவர் கட்டிய பள்ளத்தில் அதே பலன் வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஃபைப்ரின் பசை அறுவை நேரத்தில் தெளிப்பது, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் அதற்கு நிலையான பலன் தெரியவில்லை. பள்ளத்தின் சுவரையே அறுத்தெடுப்பது மறுபடி மயக்கம், மறுபடி பச்சைப் புண்.

கடைசியில் தேர்ந்தது பழைய வழியைத்தான், இந்தத் தடவை ஒழுங்காக. ஸ்கேன் பார்த்தபடி பள்ளத்தின் அடிமட்டத்தில் ஒரு குழாய், அதற்கு உறிஞ்சல். அக்குள் பள்ளத்துக்குள் பஞ்சுத் திண்டு வைத்து, மூச்சு முட்டாத, கை மரத்துப்போகாத அளவுக்கு இறுக்கிய நெஞ்சுக் கட்டு. தோள் மட்டத்துக்கு மேலே கை போகக் கூடாது, கீழே எல்லாம் போகலாம். ஏன் என்பதைக் காட்ட என் புறங்கை மேல் ஒரு துணியை வைத்து, கையை மடக்கி நீட்டி, துணி வழுக்குவதைக் காட்டினேன். "இப்படித்தான் உள்ளே நடக்குதா?" என்றார். அதற்குப் பிறகு அவர் சுவர் பக்கமே போகவில்லை.

மகளுக்குக் குழாய் கறக்கக் கற்றுக்கொடுத்தோம். காலை, மதியம், இரவு. பாட்டிலைக் காலி செய்யும் நேரமும் அளவும் ஒரு நோட்டில், கட்டு நனைந்ததா இல்லையா என்பது அதே வரியில்.

முதல் நாள் 195, அது பள்ளத்தில் இருந்த பழைய நீர். பிறகு 110, 85, 70, 60, 40, 35, 25, 20. இந்த இறக்கத்தைப் பாருங்கள், படி இறங்குவது போல இருக்கிறது. 155இலிருந்து 25க்குக் குதித்த இறக்கத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தாளிலேயே தெரிகிறது. இரண்டு நாள் தொடர்ந்து 30க்குக் கீழே, கட்டு காய்ந்தே இருக்கிறது, குழாயைக் கறந்தால் நீர் தடையில்லாமல் ஓடுகிறது, ஸ்கேனில் பள்ளம் மூடியிருக்கிறது. நான்கும் ஒத்துவந்த பிறகு 31ஆம் நாள் குழாயை எடுத்தோம். கட்டு இன்னும் ஒரு வாரம். 38ஆம் நாள் ஸ்கேனில் 20 மில்லி போல ஒரு மெல்லிய கோடு, அதை யாரும் தொடவில்லை. 45ஆம் நாள் சி.டி., ஏழாம் வாரத்தில் கதிர்வீச்சு தொடங்கியது.

எது குணமாக்கியது என்று கேட்டால், குழாய், கட்டு, ஓய்வு மூன்றையும் ஒரே நாளில் தொடங்கியதால் தனித்தனியாகச் சொல்ல முடியாது. நாள் போகப் போக நாளங்கள் தாமாகவும் மூடுகின்றன, அதற்கும் ஒரு பங்கு இருக்கும். ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் வாதிட நான் தயாரில்லை.

அறுவை மேசையிலேயே செய்திருக்க வேண்டியது

எடை கூடியவர், பெரிய தோல் மடிப்பு, விரிவான அறுவை. நீர் கோக்கும் என்று முன்கூட்டியே ஊகித்திருக்கலாம். நாங்கள் முழுக்க மின்சூட்டுக் கத்தியால் வேலை செய்தோம். ரத்தம் கசியாது, வேகம், வசதி. ஆனால் சுட்ட கொழுப்பு அழுது நீர் விடும், சாதாரணக் கத்தியைவிட அதில் சீரோமா கூடுதல் என்று பார்த்திருக்கிறார்கள். அக்குளின் பெரிய ரத்தநாளத்தின் கீழ் விளிம்பில் வரும் தடித்த நிணநீர் நாளங்களைச் சுடுவதைவிட நூலால் கட்டுவதும் கிளிப் போடுவதும் நல்லது. சூடு கொழுப்பைக் கரிக்கிறது, நாளத்தின் வாயை மூடியதா என்பது கண்ணுக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. தோலை மூடும் முன், அதன் அடிப்பக்கத்தைத் தசையோடு கரையும் நூலால் சில செ.மீ.க்கு ஒரு தையல் என்று வரிசையாகப் பிடித்துவிடுவது. மெத்தை தைப்பவர் பஞ்சு நகராமல் இடையிடையே குத்திப் பிடிப்பாரே, அதே வேலை. டிரெயின் ஒரு வாரம் உறிஞ்சிப் பிடித்துச் செய்ய முயல்வதை இது அப்போதே முடித்துவிடுகிறது. ஊசி போட்டு எடுக்க வேண்டிய சீரோமாக்கள் இதனால் குறைவதை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூடுதலாகக் கொஞ்சம் நேரம் ஆகும், தோலில் ஆங்காங்கே குழி தெரியும், நூல் கரைந்ததும் போய்விடும். நேரமில்லை என்று நாங்கள் அதைச் செய்யாமல் விட்டிருந்தோம். ஐந்து ஊசிக்கும் ஒரு குழாய்க்கும் செலவான நேரத்தை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

தொடை இடுக்கில் கணுக்களை எடுத்தால் கதை இன்னும் மோசம். நிற்கும்போதும் நடக்கும்போதும் காலின் நிணநீர் முழுவதும் அந்த வழியாகத்தான் மேலே வருகிறது, தோலும் மெல்லிசு. இடுப்புக்குழிக்குள் கோத்தாலோ வெளியே ஒன்றும் தெரியாது, சிறுநீர்க்குழாயையோ கால் ரத்தநாளத்தையோ அழுத்திய பிறகுதான் வெளிப்படும். அவை தனியாக எழுத வேண்டியவை.

எங்கள் வார்டில் இப்போது டிரெயின் அளவும் கட்டின் நிலையும் ஒரே தாளில் இருக்கின்றன. பக்கத்தில் "கறந்தது" என்று ஒரு கட்டம். ஒரே நாளில் பாதிக்கு மேல் இறங்கினால் குழாயை எடுக்கும் முன் மூத்தவர் ஒருவர் வந்து கறந்து பார்க்க வேண்டும்.

33ஆம் நாள் தோள் பயிற்சியை மெதுவாகத் தொடங்கினார். முதலில் 110 டிகிரிதான் வந்தது, அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் மாதம் 160. ஆறாம் மாதம் இரண்டு கைகளின் சுற்றளவிலும் வித்தியாசம் ஒரு செ.மீ.க்குள். அந்த வருகையில் அக்குளை விரலால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "தோல் நெஞ்சோடு அப்படியே ஒட்டின மாதிரி இருக்கே, டாக்டர். இது சரியாயிடுமா?"

"அது ஒட்டணும்னுதான் ஒன்றரை மாசம் பாடுபட்டோம், அம்மா" என்றேன்.